உபவாசத்தில் போன நாற்றம்

ஆலீஸின் வீட்டுக்கும் அவள் தம்பி புஷ்பராஜின் பன்றிக்கூட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மதில்தான். மதில் மனுஷனைத் தடுக்கும், கோழியைத் தடுக்கும். நாற்றத்தை எந்த மதில் தடுத்தது?

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளைக்குப் போகிற ரோட்டிலிருந்து இறங்குகிற ஒரு சந்தில்தான் இந்தக் கூத்தெல்லாம். அப்பன் கண்ணை மூடினதும் சொத்தை வீதம் வைத்தார்கள். வீடும் கிணறும் உள்ள பாகம் எனக்குத்தான் என்று ஆலீஸ் ஒரே பிடியாக நின்று வாங்கிவிட்டாள். புஷ்பராஜுக்குக் கிடைத்தது பாறையும் புல்லும் நாலு மூடு ரப்பர் மரமும். ஆதாரப் பத்திரம் எழுதின ஆபீஸ் வாசலில் வைத்து அவன் சொன்னான்: "கிணத்த நீ எடுத்துக்கோ. காத்த நான் எடுத்துக்கிடுதேன்." அன்றைக்கு அது யாருக்கும் விளங்கவில்லை. கடல்காற்று வருகிற மேற்கு மூலையாகப் பார்த்து அவன் பன்றிக்கூடு கட்டினபோது எல்லாருக்கும் விளங்கியது.

கொஞ்ச நஞ்ச பன்றியா? பாலராமபுரத்திலிருந்து பாறசாலை வரைக்கும் உள்ள ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சினதையெல்லாம் நீல டிரம்மில் அள்ளி, பிக்கப் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவான். பழைய பிரியாணி, புளித்த சாம்பார், மீன் தலை. அதைத் தின்று பன்றிகள் போட்டதெல்லாம் கூட்டுக்குப் பின்னால் ஒரு திறந்த குழியில் கிடந்து கொதிக்கும். உச்சி வெயிலில் அது எழும்பி வந்தால் ஆலீஸ் வீட்டில் சோற்றுத்தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கொடியில் காய்ந்த துணியை மடிக்கும்போது நாறும். சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் லேசாக நகர்ந்து உட்கார்ந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. அதை அவள் மன்னிக்கவும் இல்லை.

போதாததற்கு, கூட்டிலிருந்த பெரிய தாய்ப்பன்றிக்கு அந்தப் பாவி ஆலீஸ் என்று பேர் வைத்திருந்தான். காலையில் இவள் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது மதிலுக்கு அந்தப்பக்கம் சத்தம் வரும்: "எட்டீ ஆலீஸே, நவுருட்டீ அங்கோட்டு. தின்னு தின்னு கொழுத்துப் போச்சு உனக்கு." இவள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "எலே, உன் நாக்கு அழுகிப் போவும்" என்பாள். கூடப்பிறந்ததுகள் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாத ஒன்று இருந்தது. மகன் சஜன் மஸ்கட்டில் வேலை. மருமகள் நீதுவும் பேரன் ஜிஜினும் இவளோடுதான் இருந்தார்கள். கொச்சு என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பிள்ளைக்கு இளைப்பு. நாற்றம் கூடும்போதெல்லாம் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். சஜன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "அம்மா, அடுத்த லீவுக்கு வாறேன். அப்பவும் அந்த நாத்தம் உண்டுன்னா நீதுவையும் கொச்சையும் நெய்யாற்றின்கரையில ஒரு வீடெடுத்து ஆக்கிருவேன். உங்களுக்கு வரணும்னா நீங்களும் வாங்க."

அந்த 'வாங்க'வில் எவ்வளவு தண்ணீர் கலந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாதா. சண்டை போட்டு வாங்கின அப்பன் வீட்டை விட்டுவிட்டு, வாடகை வீட்டில் மருமகளுக்கு அடங்கிப் போய் இருப்பாளா ஆலீஸ்? போகமாட்டாள். அப்படியானால் கொச்சு போய்விடும். ராத்திரி தன் வயிற்றில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குகிற அந்தக் கொச்சு இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் நாற்றம் போயே ஆகவேண்டும்.

பஞ்சாயத்துக்கு மனு கொடுத்தாள். சுகாதார ஆபீசுக்குக் கொடுத்தாள். கேஸும் போட்டாள். புஷ்பராஜ் எல்லா இடத்திலும் லைசன்ஸை எடுத்துக் காட்டினான், கேஸ் தோற்றது. "அப்ப பன்னி சட்டப்படி நாறலாம், இல்லியா?" என்று சொந்த வக்கீலிடமே சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

இனி கர்த்தர்தான். நோம்பு காலம் முழுக்க மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு உபவாசம் இருந்தாள். மதிலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டு ஜெபிப்பாள். அவள் ஜெபத்தைக் கேட்டால் பிசாசே பயப்படும். கூடு இடியவேண்டும், பன்றிகளுக்குக் கொள்ளைநோய் வரவேண்டும், தம்பிக்குப் புத்தி வரவேண்டும், இதே வரிசையில் கேட்டாள். மதிலுக்கு அந்தப்பக்கம் ஜேசிபி மண் தோண்டுகிற சத்தம். இன்னும் கூடு கட்டப்போகிறான் என்று நினைத்து இன்னும் உரக்க ஜெபித்தாள்.

ஈஸ்டர் வந்தது, நாற்றத்தைக் காணோம். காலையில் இல்லை, வெயில் ஏறின பிறகும் இல்லை. ஆலீஸ் முற்றத்தில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். கிணற்றடி நாரத்தை பூத்த வாசனை வந்தது. அந்த மரம் அங்கே நிற்கிறதென்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கொச்சைத் தூக்கிவைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார். வெள்ளைக்கார மிஷனரி காலத்துச் சபை அது. சாட்சி என்றால் விளையாட்டில்லை. கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று சபைக்கு முன்னால் ஒருத்தர் சொல்லிவிட்டால் சொன்னதுதான், பிறகு அதை யாரும் திரும்ப வாங்கினதாகக் கதை கிடையாது. ஆலீஸ் எழும்பினாள்.

"என் கூடப்பிறந்தவன் பிசாசின் பிடியில இருக்கான். அவன் கூட்டுல இருந்து வந்த நாத்தம் என் குடும்பத்தைக் கெடுக்க சத்துரு அனுப்பினதாக்கும். நான் நோம்பு முழுக்க உபவாசம் இருந்தேன். கர்த்தர் என் கண்ணீரைக் கண்டு அந்த நாத்தத்தை எடுத்துப்போட்டார்." ஸ்தோத்திர காணிக்கைக் கவரையும் எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

புஷ்பராஜ் அன்றைக்கு ஆண்கள் பக்கம் நடுவரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். அப்பன் மூப்பராக இருந்த சபை அது. பிசாசு என்ற சொல் வந்ததும் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டாமலே, எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே போனான். அதன்பிறகு அவன் சர்ச் வாசல் ஏறவில்லை. அவன் பெண்டாட்டி பிந்து மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் அக்காளும் தம்பியும் பழையபடி மதிலுக்கு மேலே திட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருப்பார்கள். அடுத்த வீட்டு ஆனந்தபாய் கையில் மலையாளப் பத்திரிகையோடு வந்தாள். உள்ளூர்ப் பக்கத்தில் புஷ்பராஜின் படம். அவனுக்குப் பின்னால் ஒரு கறுத்த பலூன், சின்ன யானை படுத்துக் கிடக்கிற மாதிரி.

ஜேசிபி தோண்டினது கூட்டுக்கில்லை. சாண கேஸ் பிளான்ட். எறணாகுளத்திலிருந்து ஏதோ ஒரு கம்பெனி வந்து கட்டிக்கொடுத்திருக்கிறது. பன்றிச் சாணம் திறந்த குழியில் கிடந்து அழுகினால் அதிலிருந்து மீத்தேன் என்ற வாயு மேலே போகுமாம், அது பூமியைப் புகையைவிடப் பல மடங்கு சுடவைக்குமாம். மூடிவைத்துப் பிடித்து அடுப்பில் எரித்துவிட்டால் அந்தக் கேடு குறையுமாம், வீட்டில் சோறும் வேகுமாம். குறைந்த கேட்டுக்குக் கணக்குப் போட்டு வெளிநாட்டுக்காரன் கம்பெனிக்குப் பணம் தருவானாம். அதற்கு ஒரு மீட்டரும் வைத்திருந்தார்கள். இதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் பத்திரிகைக்காரன் எழுதியிருந்தான்: ஊரை வாட்டிய துர்நாற்றத்துக்கு இந்த பிளான்ட் முடிவு கட்டியது.

"வெள்ளைக்காரன் ஏரோப்பிளான்ல போயி விடுத புகைக்கு நம்ம பன்னி பரிகாரம் செய்யுதாக்கும்," என்றாள் ஆலீஸ். பிறகு அந்தக் கடைசி வரியைத் திரும்பவும் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. அவள் பட்டினி கிடந்தது என்ன, முட்டி நோவோடு நாற்காலியில் உட்கார்ந்து கதறினது என்ன. கர்த்தர் செய்ததை ஒரு ரப்பர் பலூன் செய்ததென்று அச்சடித்துப் போட்டிருக்கிறான்.

"பிளான்ட் ஓடத் தொடங்கினதும் அந்தச் சமயம்தான் அக்கா," என்று ஆனந்தபாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப என் உபவாசம்? நான் சர்ச்சில எழும்பி நின்னு கள்ளச்சாட்சி பறஞ்சேன்னு சொல்லுதியா நீ?"

ஆனந்தபாய் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மாசம் சந்தில் குழாய் பதித்தார்கள். மிஞ்சுகிற கேஸ் ஊர் வீடுகளுக்குச் சும்மாவே வரும் என்றார்கள். எத்தனை வீட்டில் எரிகிறதோ அத்தனைக்குக் கம்பெனியின் கணக்கு கூடுமாம். பிந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தைரியசாலிதான், ஆலீஸ் வீட்டுக்கும் வந்தாள்.

"மைனி, பழசை விடுங்க. இஞ்சயும் ஒரு குழாய் போட்டிருவோம். சிலிண்டர் செலவு மிச்சம்."

"பன்னிப் பீயில வெந்த சோறு என் வீட்டுல வேவாது. போயி உன் மாப்பிளைக்கிட்ட சொல்லு," என்றாள் ஆலீஸ். "என் வீட்டு அடுப்பு சுத்தமான அடுப்பு."

பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நீது பிந்துவைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. சிலிண்டர் விஷயத்தில் மாமியார் ஒரு போலீஸ். கொச்சைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்தால், "கேஸ் என்ன உன் அப்பன் வீட்டுக் கிணத்துல இருந்தா வருது?" என்று முன்னறையிலிருந்தே கேட்பாள். முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து பின்னால் படி இறங்கிச் சமையல்கட்டுக்கு வருவதில்லை. ஆனால் தீயின் சத்தத்தை வைத்தே எத்தனை அடுப்பு எரிகிறதென்று சொல்லிவிடுவாள், அப்படி ஒரு காது.

செவ்வாய்க்கிழமை தோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். ஆலீஸ் வீட்டு முறை வந்தபோது நீது மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைமீன் கறி வைத்திருந்தாள். ஆலீஸ் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஊரெல்லாம் பன்னிக்கேஸில சமைக்குது. இஞ்ச நீங்க தைரியமாத் தின்னலாம்." பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து தின்றார்கள். கறி நல்ல ருசி என்று ஆனந்தபாய் இரண்டாவது தடவை வாங்கினாள்.

ஆலீஸ் சும்மா இருக்கவில்லை. பன்றியைத் தொட முடியாது, அதற்கு லைசன்ஸும் கோர்ட்டுத் தீர்ப்பும் உண்டு. ஆனால் இந்த பலூனுக்கு? மனுமேல் மனு எழுதினாள். கேஸ் கசிகிறது, என் மூக்குக்குத் தெரிகிறது, ஒருநாள் வெடிக்கும், கொச்சு இருக்கிற வீடு. சஜன் லீவுக்கு வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவன் வந்து இறங்கும்போது நாற்றமும் இருக்கக்கூடாது, அந்த பலூனும் இருக்கக்கூடாது. எது போக்கினது என்ற பேச்சே ஊரில் இருக்கக்கூடாது. அவள் நியாயம் அப்படி.

பஞ்சாயத்திலிருந்து ஆபீசரும் ஒரு என்ஜினியரும் வந்தார்கள். என்ஜினியர் குழாயெல்லாம் கருவி வைத்துப் பார்த்துவிட்டுக் கசிவு இல்லை என்றார். ஆலீஸ் விடவில்லை. அப்போதுதான் ஆபீசர் ஒரு விஷயம் கவனித்தார். குழாய் பஞ்சாயத்து ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது, அதற்கு அனுமதி எழுதி வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பு வேறு இருக்கிறது. எதிர்ப்பு தீர்ந்து அனுமதி வாங்குகிற வரைக்கும் பிளான்ட் ஓடக்கூடாது என்றார்.

ஜீப்பில் ஏறுகிறதற்கு முன்னால் அந்த மனுஷன் ஆலீஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "சேச்சி, நல்லோணம் ஆலோசிச்சோ? இத அடச்சா சாணம் பின்ன எங்கோட்டு போவும்?"

"அது அவன் பாடு," என்றாள் ஆலீஸ்.

"பன்னி அங்கதான் நிக்கும், கேட்டியளா."

அவள் கேட்கவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் வால்வுக்கு சீல் வைக்கிறதைப் பார்ப்பதற்காக நாற்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற முட்டியோடு அதன்மேல் ஏறி நின்றுவிட்டாள். புஷ்பராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை, வேலைக்காரனைப் பார்த்து, "பழைய குழியத் தொறந்து விடுடே" என்றான்.

மறுநாள் காலை சாயா வரவில்லை. ஆலீஸ் பத்திரிகையைப் படித்து முடித்தாள், பைபிள் வாசித்தாள், இரண்டு தடவை கூப்பிட்டாள். கடைசியில் நீது முன்னறைக்கு வந்து நின்றாள். கையில் கிளாஸ் இல்லை.

"சாயா எங்கட்டீ?"

"அடுப்பு பத்தல்ல."

"சிலிண்டர் தீந்துதா?"

"சிலிண்டர் நெறஞ்சுதான் இருக்கு. இனி அத மாட்டணும்." நீது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படி நின்றதில்லை. "குழாய் போட்ட அண்ணைக்கே பின்மதில் வழியா இஞ்சயும் ஒண்ணு இழுத்தாச்சு. பிந்து மாமிதான் வேற அடுப்பும் தந்தாங்க. நீங்க இத்தற நாளும் தின்னது, குடிச்சது, கொச்சு குளிச்ச வெந்நீர், எல்லாம் பன்னிக்கேஸ்தான் அம்மா."

ஆலீஸ் பைபிளை மூடி வைத்தாள். "ஜெபக்கூட்டத்துக்கு வச்ச கறி?"

"அதுவும்தான். அவங்களுக்கெல்லாம் தெரியும். அவங்க வீட்டுலயும் அதுதானே எரியுது."

கிழங்கைக் குனிந்து தின்ற தலைகளெல்லாம் அவள் கண்முன்னே வந்தன. அத்தனை பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தின்றிருக்கிறார்கள். காறித் துப்பவேண்டும் போலிருந்தது. எதைத் துப்ப? மாசக்கணக்காகத் தின்றது உடம்பில் சேர்ந்துவிட்டது.

"நீ எனக்கு விஷம் வச்சிருந்தாக்கூட நான் பொறுப்பேன்," என்றாள்.

"விஷம் வைக்கவும் கேஸ் வேணுமே, அதுக்கும் நீங்க கணக்குக் கேப்பீங்க," என்றாள் நீது.

உச்சி வெயில் வந்தபோது நாற்றமும் வந்தது. இத்தனை நாள் இல்லாமல் இருந்து வந்ததாலோ என்னவோ, பழைய நாற்றத்தைவிடக் கொடியதாக இருந்தது. சந்தில் ஜன்னல்கள் டப் டப்பென்று அடைபட்டன. சும்மா வந்த கேஸ் போன ஆத்திரம், நாற்றம் திரும்பின ஆத்திரம், எல்லாம் சேர்ந்து ஆலீஸ் தலையில்தான் வந்து விழுந்தது. கடையில் அரிசி வாங்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆனந்தபாய் மட்டும் நிறுத்தாமல் நேராகவே சொன்னாள்: "இனி ஜெபக்கூட்டத்துக்கு உங்க வீடு வேண்டாம்னு எல்லாரும் சொல்லுதாங்க. நாத்தமாக்கும் அங்க."

நாலாவது நாள் கொச்சுக்கு இளைப்பு ஏறியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து ஆவி பிடிக்கவைத்தார்கள். திரும்பி வந்ததும் நீது பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து அதியன்னூரில் அவள் அம்மா வீடு.

"சஜன் வாற வரைக்கும் பொறு," என்றாள் ஆலீஸ். "நான் திரும்பவும் உபவாசம் இருக்கேன்."

"நீங்க இருங்க. கொச்சுக்கு மூச்சு வேணும்." நீது பையின் ஜிப்பை இழுத்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள்: "எதிர்ப்பை எடுத்திட்டதா ஆபீசில ஒரு வார்த்தை சொல்லுங்க. பிளான்ட் ஓடட்டும். ஓடினா அண்ணைக்கே நான் திரும்பி வாறேன். அவருகிட்டயும் நான் சொல்லுதேன், இஞ்சயே இருக்கலாம்னு. எனக்கு என்ன, வாடகை வீட்டுல போயிக் கெடக்க ஆசையா?"

ஆட்டோ கிளம்பும்போது கொச்சு கையாட்டியது. விளையாடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆலீஸ், வருஷங்களுக்குப் பிறகு, மதிலைச் சுற்றிப் போய்த் தம்பி வீட்டுக் கேட்டைத் திறந்தாள். மூக்கைச் சேலைத்தலைப்பால் பொத்தியிருந்தாள். புஷ்பராஜ் குழாயைப் பிடித்துக் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. தண்ணீர் அவள் காலடிக்கே வந்தது.

"எலே, நான் எதிர்ப்பை எடுக்கேன்," என்றாள். "நீ அனுமதி வாங்கி உன் எழவ ஓட்டிக்கோ."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"எனக்கு ஓட்டவேண்டாம். குழி உண்டு, காத்து உண்டு, எனக்கு ஒரு குறையும் இல்ல."

"கொச்சுக்கு மூச்சு முட்டுதுலே. உன் மருமகன் பிள்ளை."

அவன் குழாயை மூடினான். முகத்தில் ஒரு துளி இரக்கம் வந்த மாதிரி இருந்தது, வந்த வழியே போய்விட்டது. "நான் கடன் வாங்கியாக்கும் அந்த பிளான்டுக்குக் கூட நின்னேன். அப்பன் மூப்பரா இருந்த சபையில, அவரு உக்காந்த பெஞ்சில என்னை வச்சு, பிசாசு பிடிச்சவன்னு சொன்னே. நாத்தத்தைப் போக்கினவன் நான். பேரு உனக்கும் உன் உபவாசத்துக்கும். எந்த இடத்துல சொன்னியோ அந்த இடத்துல எழும்பி நில்லு. நான் சொன்னது தப்பு, நாத்தம் போனது பிளான்டாலதான், என் தம்பியாலதான்னு சொல்லு. சொன்ன உடனே நான் நாளைக்கே ஆபீசுக்குப் போறேன். இல்லேன்னா உனக்கு உன் கிணறு, எனக்கு என் காத்து."

"சாட்சியை யாரும் திரும்ப வாங்கினது உண்டா?"

"நீ முதல்ல வாங்கு," என்று சொல்லிவிட்டு அவன் திரும்பவும் குழாயைத் திறந்தான்.

சனிக்கிழமை முழுக்க அவள் ஒன்றும் தின்னவில்லை. இது உபவாசக் கணக்கில் சேராது. என்ன சொல்வதென்று பாடம் பண்ணிப் பார்த்தாள். 'கர்த்தர் பல வழியில செயல்படுவார், என் தம்பி கட்டின பிளான்ட் வழியாவும்' என்று தொடங்கினால் பாதி மானம் மிஞ்சும். அது போதாது, தப்பு என்ற சொல்லைக் கேட்காமல் அவன் விடமாட்டான். சரி, சொல்லித் தொலைப்போம். ஒரு சொல்தானே. அந்த ஒரு சொல்லுக்குக் கொச்சு வரும். நீதுவுக்குப் போன் பண்ணினாள்: "நாளைக்கு ஆராதனைக்கு வா. சொல்லுதேன். முடிஞ்சதும் கொச்சோட நேரா வீட்டுக்கு வந்திரணும்." நீது வருகிறேன் என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீது பெண்கள் பக்கம் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜிஜின், காலடியில் துணிப்பை. வீட்டுக்கு வரத் தயாராகத்தான் வந்திருந்தாள். சர்ச் கேட்டில் ஆட்டோ நின்றது. போதகர் சாட்சிக்கு அழைத்தார். ஆலீஸ் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கொச்சைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே," என்று தொடங்கினாள்.

அப்போதுதான் அவனைக் கண்டாள். ஆண்கள் பக்கம் தூணோரத்தில், வெள்ளை வேட்டி சட்டையில், எண்ணெய் தேய்த்துச் சீவின தலையோடு புஷ்பராஜ். இத்தனை மாசமாக வராதவன் வந்திருந்தான். வந்தவன் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட அவள் சொல்லியிருப்பாள். போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போனுக்கு மேலே அவன் முகம் தெரிந்தது. சின்ன வயசில் இவளுடைய ஸ்லேட்டை அவனே உடைத்துவிட்டு அப்பனிடம் கோள் சொல்லி இவளையே அடிவாங்க வைத்தபோது நின்ற அதே நிற்பு, அதே சிரிப்பு. இந்தப் படம் நாளைக்கு சந்து முழுக்கப் போகும். ஜெபக்கூட்டப் பெண்கள் ஒவ்வொருத்தி போனிலும் ஓடும். அடுக்களையில் கிழங்கு வேகவைத்துக்கொண்டே பார்ப்பார்கள்.

ஆலீஸ் முன்பெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"கர்த்தர் எடுத்துப்போட்ட நாத்தம் திரும்பி வந்திருக்கு," என்றாள். குரல் கூரையில் போய் இடித்தது. "ஏன் வந்துது? இந்தச் சபையில பாவம் உண்டு. அதாக்கும் காரணம். கர்த்தரோட நாமத்தை ஒரு பலூனுக்கு விட்டுக்கொடுத்தவங்க இஞ்ச உண்டு. என் சொந்த வீட்டுல எனக்குத் தெரியாம அசுத்தத்தைக் கொண்டு வந்தவங்க இஞ்ச உண்டு. அவங்க பேரு நான் சொல்லவேண்டாம். அவங்களுக்கே தெரியும்."

போதகர் கையை உயர்த்தினார், போதும் என்பதுபோல். அவள் பார்க்கவில்லை. புஷ்பராஜ் போனைத் தாழ்த்தினான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய சிரிப்பு போனதில் அவளுக்கு ஒரு வீரியம் வந்துவிட்டது, இன்னும் உரக்கப் பேசினாள்.

கதவோரத்தில் நீது எழுந்தாள். கொச்சை இடுப்பில் வைத்தாள், பையைத் தோளில் போட்டாள். வாசலில் செருப்பைத் தேடிக் காலில் மாட்டுகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொச்சுதான் அவள் தோளுக்கு மேலே எட்டி, "அம்மச்சீ, வா" என்று பாட்டியைக் கூப்பிட்டது. சபை முழுக்கக் கேட்டது.

ஆட்டோ ஸ்டார்ட் ஆகி, ரோட்டில் ஏறி, நெய்யாற்றின்கரைப் பக்கம் திரும்பியது. திறந்திருந்த கதவு வழியாக ஆலீஸுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.